உப்பு போக ஒரு வழி

குஜிலியம்பாறை வட்டாரத்தில் யாராவது புதிதாக போர் போட்டால் அக்கம்பக்கத்தார் இரண்டு கேள்வி கேட்பார்கள். தண்ணி விழுந்துச்சா? விழுந்தது என்றால் அடுத்தது, நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? இரண்டாவது கேள்விக்கு வீட்டுக்காரர் கொஞ்சம் இழுத்தாலே விஷயம் புரிந்துவிடும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படியும். துணி அலச, மாட்டுக்குக் காட்ட ஆகும். குடிக்க கேன் தண்ணீர்தான்.

இந்த உப்பு கடலிலிருந்து வந்ததில்லை. மழைத்தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கி, வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து, கல்லில் உள்ள தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரிக்காலியில் சிமென்ட் ஆலைக்கு வெட்டி எடுக்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் உள்ள பூமி இது. மழை தாராளமாகப் பெய்யும் ஊர்களில் புதுத் தண்ணீர் பழைய தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். நம் பக்கம் பெய்வதில் பெரும்பங்கு ஆவியாகிறது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் மேலே போகும். உப்பு இருந்த இடத்திலேயே நிற்கும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்தாலும் அது உப்பை அழிப்பதில்லை. வடிகட்டிய உப்பெல்லாம் கழிவு நீரோடு பின்பக்கக் குழாயில் வெளியேறி, பெரும்பாலும் அதே மண்ணுக்குள் இறங்குகிறது.

ஆகவே உப்புத் தண்ணீர் என்றாலே பயனற்றது என்று நினைப்பது இங்கே இயல்பு. அந்த நினைப்பை உரசிப் பார்க்க, சாலை வழியே ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒரு இடம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் நடுவே கிடக்கும் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். நீர் நிறைந்திருக்கும்போது சுமார் 450 சதுர கிலோமீட்டர், வற்றும்போது சுமார் 250. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனையும் கடலோடு சேரும் முக்கிய வாயும் நம்மிடம். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்ற மணல் தீவு, ஏரியையும் வங்காள விரிகுடாவையும் பிரித்துக்கொண்டு நீளமாகப் படுத்திருக்கிறது. ராக்கெட் கிளம்பும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான்.

இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பல இடங்களில் நடுத்தர உயரமுள்ள ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் கரையே தெரியாத தூரம் நடந்துகொண்டே இருக்கலாம். ஆழமில்லாததைக் குறை என்று நினைக்கத் தோன்றும். இந்த ஏரிக்கு எல்லாம் கிடைத்தது அதனால்தான்.

ஆழமான ஏரியில் வெயில் மேலே சில மீட்டரோடு நின்றுவிடும், அடிமட்டம் இருட்டு. ஒரு மீட்டர் ஏரியில் வெளிச்சம் தரைச் சேறு வரை இறங்குகிறது. அந்தச் சேற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மெல்லிய தோல்போலப் படர்கின்றன. காற்று அடித்தால் அடிச்சேறு கலங்கி, அதில் புதைந்த சத்து மறுபடி தண்ணீருக்குள் வருகிறது. ஆறுகள் வண்டலைக் கொண்டுவருகின்றன, தெற்கே ஆரணி ஆறு, வடமேற்கே காளங்கி. பாசியைத் தின்னப் புழுக்கள், நத்தைகள், பொடி இறால் இனங்கள். அவற்றைத் தின்ன மீனும் பறவையும்.

உப்புக் கணக்கும் ஆழத்தோடு பிணைந்தது. கோடையில் இந்தக் கரையில் ஒரு நாளைக்கு ஆறு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்வோம். நூறு நாளில் அறுநூறு மில்லிமீட்டர். ஐம்பது மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு மீட்டர் ஏரியில் பாதிக்கு மேல் காலி. மீதித் தண்ணீரில் அதே உப்பு இரண்டரை மடங்கு அடர்ந்து நிற்கும். லிட்டருக்குப் பத்து கிராம் இருந்தது இருபத்தைந்து ஆகும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம். பழவேற்காட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் ஆற்று முகங்களில் தண்ணீர் ஏறக்குறைய நன்னீராகவே இருக்கும். மே, ஜூனில் கடலோடு தொடர்பு குறைந்த வடக்குப் பகுதியில் கடலைவிடவும் உப்பு ஏறி, ஓரங்களில் வெள்ளைப் பொருக்கு தட்டும். ஒரே ஏரி, ஒரே வருடம்.

இந்த ஊசலாட்டத்தைத் தாங்குகிற உயிர்கள் அதிகமில்லை. குளத்து மீனுக்குக் கோடை ஆகாது, ஆழ்கடல் மீனுக்கு மழைக்காலம் ஆகாது. தாங்குகிற மடவை, கொடுவா, களி நண்டு, இறால் போன்றவற்றுக்கோ போட்டி குறைவு, தீனி ஏராளம். அதனால் அவை பெருகுகின்றன. வெள்ளை இறாலின் வாழ்க்கையைப் பாருங்கள். தாய் இறால் கடலில் முட்டையிடும். நூல் துண்டு மாதிரி இருக்கும் குஞ்சுகள் அலையோடு வந்து, முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் நுழையும். பெரிய மீன்கள் எளிதில் வராத இந்தக் கலங்கல் தண்ணீரில் சில மாதம் தின்று வளர்ந்து, மறுபடி அதே வாய் வழியே கடலுக்குப் போய் முட்டையிடும். போகிற வழியில் மீனவர்கள் காத்திருப்பார்கள்.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு முறை உண்டு. ‘பாடு’ என்பார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் இந்த உரிமை வருகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்ச் சேராமல் சுற்றி வரும். இன்னொரு பக்கம் இருளர் பெண்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலை அமுக்கிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ‘பறி’ என்ற ஓலைக் கூடை. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் அதைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள். பாடு முறையைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. பறியைப் பல்லில் கவ்வியபடி நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் உழைப்பைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி பறவைகள். ஆந்திரா தன் பகுதியை 1976-லும், தமிழ்நாடு தன் பகுதியை 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. மழை ஓய்ந்து சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும் காலத்தில் போனால் முதலில் கண்ணில் படுவது கூட்டம்தான். ஊசிவால் வாத்துகள், ஆலாக்கள், கடற்காகங்கள், கூழைக்கடாக்கள். கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது ஏரிக்குப் பக்கத்தில், ஆந்திராவின் நேலப்பட்டு குளத்து மரங்களில். இரை தேட இங்கே வந்து போகும்.

கூட்டத்தைப் பார்த்துப் பழகிய பிறகு அலகுகளைப் பார்க்க வேண்டும். கொசு உள்ளானின் அலகு சின்னது. சேற்றின் மேல்தோலில் இருப்பதைத்தான் அது கொத்தும். வளைமூக்கு உள்ளான் இன்னும் கொஞ்சம் கீழே துழாவும். கருவால் மூக்கனுக்கு நேரான நீண்ட அலகு. கோட்டானுக்கு அதைவிட நீளமாக, கீழ்நோக்கி வளைந்த அலகு. ஆழத்தில் வளை தோண்டி ஒளியும் நண்டையும் புழுவையும் உருவி எடுக்கும். ஒரு சாண் சேற்றை நான்கைந்து மாடிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு மாடியில் சாப்பிடுகின்றன. வளைமூக்கு உள்ளானின் எடை அறுபது கிராம் அளவு. கோடையில் அது குஞ்சு பொரிப்பது வட சைபீரியாவின் உறைபனிச் சமவெளியில். அங்கிருந்து இங்கே வரும் வழியில் இறங்கித் தின்னவும், திரும்பப் போகும்முன் கொழுப்பு ஏற்றிக்கொள்ளவும் இப்படி ஆழமில்லாத சேற்று வெளிகள்தான் அதற்கு வேண்டும்.

பூநாரை தனிக்கதை. ஒன்றரை மீட்டர் வரை நிமிரும் உடம்பில் பாதிக்கு மேல் கால். அந்தக் காலின் நடுவே பின்பக்கமாக மடங்குவது முழங்கால் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் தரைப் பக்கம் இருக்கும்படி தண்ணீருக்குள் வைத்துச் சாப்பிடும் பறவை இது. பருத்த நாக்கு முன்னும் பின்னும் பாய்ந்து ஒரு நொடிக்கு நான்கைந்து முறை தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரங்களில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகள் பொடி இரையைப் பிடித்து நிறுத்திக்கொள்கின்றன.

இது சும்மா வடிகட்டல் மட்டும் இல்லை என்று 2025-ல் தெரிந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த விக்டர் ஒர்டேகா ஹிமெனேஸ் குழுவினர், அமெரிக்க விலங்குக் காட்சிசாலை ஒன்றில் இருந்த சிலி நாட்டுப் பூநாரைகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். பறவை அடியிலிருந்து தலையை நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் வெடுக்கென்று மேலே இழுக்கும்போது, தண்ணீருக்குள் சின்னஞ்சிறு சூறாவளி எழுகிறது. சேறும் அதிலிருக்கும் உயிர்களும் அந்தச் சுழலில் ஏறி வருகின்றன. அலகை நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் படபடவென்று அடிப்பதும், சவ்வு விரித்த காலால் சேற்றை மிதிப்பதும் வேறு வேறு சுழல்களை உண்டாக்குகின்றன. தப்பித்து ஓடக்கூடிய இரையைச் சுழலில் சிக்கவைத்து, வாய்க்கு வரவழைத்து உண்கிறது. பழவேற்காட்டில் தண்ணீர் வடிந்த இடங்களில் சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். நடுவில் மேடு, சுற்றிலும் வாய்க்கால். ஒரு பூநாரை தலையை ஓரிடத்தில் ஊன்றி, தன்னைத்தானே சுற்றி மிதித்ததன் தடயம் அது.

அதன் நிறமும் தீனியிலிருந்து வருவதுதான். பாசியிலும் அதைத் தின்னும் பொடி இறால்களிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் ஈரல் வழியே மாறி இறகுக்கு ஏறுகின்றன. குஞ்சு சாம்பல் நிறம்; சிவப்பேற இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்தக் குஞ்சுகளை நாம் பழவேற்காட்டில் பார்ப்பதில்லை. இந்தியாவில் பூநாரைகள் பெருவாரியாக முட்டையிடுவது குஜராத்தின் கட்ச் பாலைநிலத்து உப்புச் சேற்றில். 1945-ல் சாலிம் அலி அங்கே போய், லட்சக்கணக்கில் கூடியிருந்த பறவைகளைப் பார்த்து எழுதினார். பூநாரைக்கு முகவரி கிடையாது. பழவேற்காட்டில் மழை மிஞ்சித் தண்ணீர் உயர்ந்தால் கால் எட்டாது, கிளம்பிவிடும். வற்றிப் பாளம் வெடித்தாலும் கிளம்பிவிடும். கோடியக்கரை, தூத்துக்குடி உப்பளங்கள், தனுஷ்கோடி என்று கரையோரம் முழுக்க அதற்கு இடங்கள் தெரியும். ஒன்று கெட்டால் இன்னொன்று. ஆனால் இன்னொன்று இருக்க வேண்டும்.

உப்பில் வாழும் பறவை உப்பை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வெகுகாலம் பதில் இல்லை. பறவையின் சிறுநீரகம் கடலளவு உப்பை வெளியேற்றும் திறன் கொண்டது இல்லை. 1950-களின் இறுதியில் க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் நீர்க்காகங்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்துக் கவனித்தார். சிறிது நேரத்தில் மூக்கிலிருந்து தெளிந்த திரவம் சொட்டியது. சோதித்தால் கடலைவிட உப்பு. கண்ணுக்கு மேலே இருக்கும் ஒரு சுரப்பி இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து மூக்கு வழியே வெளியேற்றுகிறது. பூநாரைக்கும் அந்தச் சுரப்பி உண்டு. அலகை ஒரு உதறு உதறினால் உப்பு போய்விடும்.

ஏரிக்கு அந்த மூக்கு, முகத்துவாரம். பழவேற்காட்டின் எல்லாச் சிக்கலும் கடைசியில் அங்கேதான் போய் முட்டுகிறது. அது எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது?

சோழமண்டலக் கரையில் மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் சில மாதங்கள் மட்டும் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்குப் பக்கம்தான் மிச்சம். இந்த மணல் போகிற வழியில் ஏரியின் வாய் குறுக்கே இருக்கிறது, அதை அடைக்கப் பார்க்கிறது. அடைபடாமல் காப்பது உள்ளிருந்து வரும் வேகம். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் ஏரியை நிரப்பி, மணல் மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும்போது வாய் அகலமாகும். மற்ற நாட்களில் கடலின் ஏற்றமும் இறக்கமும் போய்வந்து வாயைத் துலக்கி வைக்கின்றன. இந்தக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான், பெரிய பலமில்லை. கோடையில் மணல் ஜெயிக்கிறது. வாய் மூடினால் இறால் குஞ்சு உள்ளே வராது, வளர்ந்த இறால் வெளியே போகாது, படகும் போகாது, உப்பும் போகாது. குப்பத்து ஆட்களே மண்வெட்டியும் இயந்திரமும் கொண்டு வாயைத் தோண்டித் திறந்த வருடங்கள் உண்டு.

கடலுக்குள் கல் அடுக்கினால் மணல் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையே நூற்றைம்பது வருடப் பாடம். 1870-களில் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் அணைகள் நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. நாம் சுண்டல் சாப்பிடும் அகன்ற மெரினா அப்படி வந்தது. மணல் கிடைக்காத ராயபுரம் பக்கம் கடல் தின்றது. அதே கதை பிறகு வடக்கே நகர்ந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், 2013 வாக்கில் கட்டுப்பள்ளித் துறைமுகம். கட்டுப்பள்ளிக்கு வடக்கே கரை அரிக்கிறது. அரித்த மணல் முகத்துவாரப் பக்கம் போய்க் குவிகிறது என்பது மீனவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு. அந்தத் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காட்டுக் குப்பங்கள் எதிர்த்து நின்றதற்கு அடிப்படை இதுதான்.

வடக்கே சிக்கல் வேறு மாதிரி. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே மண்மேடு எழுப்பிச் சாலை போட்டார்கள். 1971-ல் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது; 2023 ஜூலையில் சந்திரயான்-3 போனதும் அதே சாலையில் ஏற்றிச் சென்ற சாமான்களோடுதான். சாலைக்கு அடியில் உள்ள மதகுகள் ஏரியின் அகலத்துக்குப் போதாது. தெற்கே கடலோடு உறவாடும் தண்ணீர் வடக்கே சரியாக எட்டுவதில்லை. வடக்கு முகத்துவாரமும் மணலேறித் தூர்ந்துபோக, கோடையில் அந்தப் பக்கம் வெடித்த களிமண் வெளியாகிறது. மீன் தேடித் தெற்கே வரும் ஆந்திர மீனவர்களுக்கும் தமிழ்நாட்டு மீனவர்களுக்கும் எல்லைத் தகராறு வருவதன் பின்னணியில் இந்த வறட்சியும் இருக்கிறது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விண்வெளி மையத்துக்காகப் போட்ட வேலிதான் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காட்டைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்றியும் வைத்திருக்கிறது. ஒரே நிறுவனம் ஒரு கையால் தடுத்ததும் இன்னொரு கையால் காத்ததும் உண்டு.

வாயைத் திறந்தால் ஏரி மீளுமா? மீண்டிருக்கிறது. சிலிகாவில் வாய் தூர்ந்து, உப்பு குறைந்து, நன்னீர்க் களைகள் மண்டி, மீன்பாடு சரிந்தது. 1993-ல் ஆபத்தில் இருக்கும் சர்வதேச ஈரநிலங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். 2000 செப்டம்பரில் ஏரிக்கு நெருக்கமான இடத்தில் மணல் மேட்டை வெட்டிப் புது வாய் திறந்தார்கள். உப்பு திரும்பியது, களை குறைந்தது, மீனும் நண்டும் கூடின. 2002-ல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. ஆசியாவில் அப்படி நீங்கிய முதல் ஈரநிலம் அது. அங்கே சிக்கல் உப்பு குறைந்தது, இங்கே பல மாதம் உப்பு மிகுவது. இரண்டுக்கும் மருந்து ஒரே வாய்தான்.

வாயே இல்லாத ஏரி எப்படி முடியும் என்று பார்க்க கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும். 1905-ல் கொலராடோ ஆற்றுக் கால்வாய் உடைத்துக்கொண்டு, கடல் மட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு பள்ளத்தை நிரப்பியது. சால்டன் கடல் என்று பெயர். நாற்பது, ஐம்பது வருடம் மீன்பிடிப்பும் உல்லாசமுமாக இருந்தது. பறவைகள் லட்சக்கணக்கில் வந்தன. வெளியேற வழியில்லாத அந்தப் பள்ளத்துக்கு வயல்களின் வடிநீர் உப்பையும் உரத்தையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. 1996-ல் நோய் பரவி ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்கள் செத்தன. இன்று அதன் உப்பு கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வற்றிய ஓரங்களிலிருந்து எழும் தூசி சுற்றியுள்ள ஊர்க் குழந்தைகளுக்கு மூச்சுக் கோளாறு தருகிறது.

நம் மாவட்டத்துக்கும் இது அந்நியக் கதை இல்லை. தோல் பதனிடும் ஊர் திண்டுக்கல். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு தடவி வைப்பார்கள். தொழிற்சாலையில் முதல் வேலையே அந்த உப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. கழிவு நீரில் உள்ள குரோமியத்தைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. சுண்ணாம்பு சேர்த்தால் அடியில் படிந்துவிடும். கரைந்த சமையல் உப்போ எதைச் சேர்த்தாலும் படியாது. தண்ணீரைக் காய்ச்சியோ சவ்வில் அழுத்தியோ பிரித்தாலும் மூட்டை மூட்டையாக உப்பு மிஞ்சும், அதை வைக்க இடம் வேண்டும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழிற்சாலைகள் கெடுத்த மாவட்டங்களின் வரிசையில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் பெயரும் இருந்தது.

அதே வருடம் டிசம்பர் 11 அன்று, அதே நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு இன்னொரு உப்பு வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். காந்திகிராமத்தோடு வாழ்நாள் தொடர்புள்ளவர், 2013-ல் அங்கேயே காலமானவர். அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள் இந்த மாவட்டத்தில் பிறந்தவர். கீழத்தஞ்சைக் கரையில் நெல் வயலுக்குப் பக்கத்தில் இறால் பண்ணைகள் முளைத்து, அவற்றின் உப்பு நீர் கசிந்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டதைப் பார்த்துத்தான் இருவரும் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்தத் தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்றச் சொன்னதோடு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணையே கூடாது என்று பெயர் சொல்லி விதித்தது. நம் பக்கத்து மனிதர் ஒருவர் போட்ட வழக்கு, கரை தெரியாத தூரத்தில் இருந்த ஒரு ஏரிக்கு வேலி போட்டது. திண்டுக்கல்லில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி விட்டது. 2023-ல் வந்த திருத்தம் அந்த வழியை இன்னும் அகலமாக்கியது.

எண்ணெய் இதற்கெல்லாம் மேலே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படங்கள் எல்லோர் கைப்பேசியிலும் வந்தன. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. பறவைக்கு அந்தக் கால்வாயும் தேவையில்லை.

இப்போது தமிழ்நாடு அரசு பழவேற்காட்டு முகத்துவாரத்தின் இரு பக்கமும் கடலுக்குள் கல் சுவர் நீட்டி, வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்கும் வேலையை எடுத்திருக்கிறது. மீனவர்கள் வெகுகாலமாகக் கேட்டது. படகு போய்வர அது உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கல் சுவர், ராயபுரத்துக்குச் செய்ததை இங்கேயும் செய்யும். வடக்கே உள்ள கரைக்கு மணல் குறையும், அதை அவ்வப்போது அள்ளி மாற்றிக் கொட்ட வேண்டியிருக்கும். சுவர் வெளியிலிருந்து வரும் மணலைத்தான் தடுக்கும், உள்ளிருந்து தள்ளும் வேகத்தைத் தராது. அந்த வேகம் ஆரணி ஆற்று வெள்ளத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த வெள்ளத்தில் எவ்வளவு ஏரிக்கு வந்து சேரும் என்பது மேலே பிச்சாட்டூர் அணையிலும், அதற்குக் கீழே வரிசையாக நிற்கும் தடுப்பணைகளிலும் முடிவாகிறது. பிச்சாட்டூர் ஆந்திராவில் இருக்கிறது. முகத்துவாரத்துக்குச் சுவர் கட்டும் பொறியாளர்கள் பேச வேண்டிய முதல் ஆள் அங்கே மதகு திறக்கிறவர்.